மழையில் துலுக்கிய கிடாய்

சித்திரை வெயிலில் எங்கள் ஊர் கொதித்துக்கொண்டிருந்தபோது, கொல்லிமலைக்குப் போய்ப் பலாப்பழம் தின்றுவிட்டு வரலாம் என்றார் அப்பா. நான் துள்ளிக் குதித்தேன். என் கிடாயையும் ஓட்டிவரச் சொன்னார். நான் இல்லாவிட்டால் அது தழை தின்னாதாம்.

அது தாய் செத்த குட்டி. பாலாடையில் பால் புகட்டி நான் வளர்த்தது. வெள்ளைக்காரன் காலம், மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நானும் அதுவும் முன்னால் ஏறினோம். அப்பாவும் சித்தப்பாவும் பெரிய அண்டாவைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார்கள். பலாப்பழம் தின்ன அண்டா எதற்கு என்று கேட்கத் தெரியாத மண்டு நான்.

மேலே கருப்பனார் கோயிலில், பூசாரி கிடாயின் கழுத்தில் மாலை போட்டபோதுதான் விளங்கியது. தரையில் புரண்டு அழுதேன். அப்பா என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"தண்ணி ஊத்துனா அது உடம்பை உதறித் துலுக்கோணும் கண்ணு. அப்பத்தான் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். துலுக்கலீன்னா ஊட்டுக்கே ஓட்டிக்கிட்டுப் போயிரலாம். நான் சொன்னாச் சொன்னதுதான்."

நம்பினேன். அப்பா சொல் மாறமாட்டார் என்று ஊரே சொல்லும்.

பூசாரி குடம் குடமாக ஊற்றினார். வெயிலில் ஏறிவந்த சூட்டுக்கு அது சுகமாக இருந்ததோ என்னவோ, கிடாய் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. சித்தப்பா காதில் ஊதிப் பார்த்தார். ம்ஹூம். கடைசியில் பூசாரி, சாமிக்கு இப்போது மனசில்லை, அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். அப்பாவே மாலையைக் கழற்றிவிட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். அந்த நிமிடம் அவரை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது.

பலாப்பழத்தை அறுக்க உட்கார்ந்தோம். வானம் திடீரென்று இருண்டது. காற்று சுழன்றடித்து, ஆலங்கட்டி மழை கொட்டியது. எல்லோரும் பூசாரியின் குடிசைக்கு ஓடினார்கள். மிரண்டு நின்ற கிடாயை இழுத்துக்கொண்டு நான் கடைசியாக உள்ளே நுழைந்தேன். அது என்னை ஒட்டி நின்று, தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. நான் சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"துலுக்கீருச்சு" என்றார் சித்தப்பா.

பூசாரி அப்பாவைப் பார்த்தார். நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். இது மழைத் தண்ணிதானே, பூசாரி ஊற்றியது இல்லையே என்று கத்தினேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், சுற்றிய கயிற்றை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

"மழையும் சாமி ஊத்துற தண்ணிதான் கண்ணு."

மழை விடும்வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. அண்டா அடுப்பில் ஏறியது. அப்பா பலாச்சுளைகளை உரித்து என் முன்னால் வைத்தார். நான் தொடவில்லை. கிடாயைக் கொன்றதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கியதை மன்னிக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

இறங்கும்போதும் மழை விடவில்லை. தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்தோம். வாசற்படியில் நின்று அப்பா தலையையும் தோளையும் சிலுப்பி உதறினார்.

"அப்பா, நீங்களும் துலுக்கிட்டீங்க" என்றேன்.

துண்டை நீட்டிய அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா அதை வாங்காமல் ஈரத்தோடு அப்படியே நின்றார்.