ஐந்து ஊர்த் திட்டமும் ஒரு வெள்ளிக்கிழமையும்

ஜூலை பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்கள் எனக்கு மழை காட்டத் தொடங்கிவிடுவார்கள். சார்ஜாவில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கும். பிரேக் தேய்ந்த வண்டியோடு வரும் அரபி ஒருவர், விலை கேட்பதற்கு முன்பே தொலைபேசியை நீட்டி, பச்சை மலையொன்றில் பனிப்புகாரோடு விழும் தூறலைக் காட்டி, மழை மழை என்று, “மத்தர், மத்தர்” என்பார். எல்லைக்கு அப்பால், ஓமானின் தென்கோடியில் இருக்கும் சலாலா அது. கோடையில் இந்தப் பக்கத்தில் அங்கே மட்டும்தான் தூறும். அதைப் பார்க்கவென்று பாயும் கெட்டிலும் ஏற்றிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போகிறார்கள். நான் இலங்கையில், கல்முனைக்குடியில் பிறந்தவன். மார்கழி மழைக்கு வயல் வட்டையெல்லாம் கடலாகிவிட, முளைத்த நெல் அழுகிவிடுமோ என்று வாப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். மழையைத் தேடிப் போகிற மனிதர்களை எனக்கு விளங்கவே இல்லை.

இந்த வருடம் நானும் போனேன். மழைக்காக அல்ல. என் அக்கா, பௌசியா ராத்தா, ஓமானில், மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். மச்சான் அவரை விட்டுப்போன பிறகு, சின்னப் பிள்ளையாயிருந்த மகளை உம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர். போன அன்று மகள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் புறப்பட்டோம். கல்முனை பஸ் நிலையத்தில் ஏறும்போது, “அவள் எழும்பினா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டார். நான் அவருடைய பையை உள்ளே தூக்கி வைத்தேன். பிறகு நானும் இங்கே வந்தேன். ஒரு எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். அவர் ஊருக்குப் போகிற மாதம் எனக்கு லீவு கிடையாது. எனக்குக் கிடைத்தால் அவருக்கு இல்லை. உம்மா மௌத்தானபோதும் இரண்டு நாட்டிலிருந்து தொலைபேசியில்தான் அழுதோம். என் வதிவிட அட்டையில் இருந்த தொழிலின் பெயருக்கு ஓமான் விசா கிடைக்காமல் இருந்தது. இந்த வருடம் அது எழுதுவினைஞர் என்று மாறியது. உடனே பயணத்துக்குத் திட்டம் போடத் தொடங்கினேன்.

கிடைத்தது ஒரு கிழமை லீவு, ஏழு நாள். சோஹார், மஸ்கட், நிஸ்வா, சூர், முடிந்தால் சலாலா என்று வரைபடத்தில் விரலால் கோடிழுத்து, ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோட்டையோ கடற்கரையோ தேடிவைத்தேன். அறையில் கூட இருக்கும் பாலக்காட்டு நௌஷாத் முன்பு அந்தப் பாதையில் லொறி ஓட்டியவர். பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீ ஊர் பார்க்கப் போறியா, பஸ்ஸில குடியிருக்கப் போறியா?” பட்டியலிலிருந்து சூரை எடுத்துவிட்டேன். நிஸ்வாவுக்குப் பகலில் மட்டும் போய்வரலாம் என்று வைத்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் மஸ்கட்டில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம்தான் ராத்தாவுக்கு ஓய்வு. பஸ்ஸுக்குப் பதிந்த பிறகு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, இந்த ஊட்டுக்காரங்க எல்லாரும் சலாலாவுக்குப் போறாங்களாம். என்னயும் கூட்டிப் போறாங்க. நீ வராத. இன்னொரு வருசம் பாப்பம்.”

“நான் சலாலாவுக்கு வாறன்.”

“அவ்வளவு தூரம் என்னத்துக்குடா?”

நிஸ்வாவையும் எடுத்தேன். சோஹாரை ஜன்னலால் பார்ப்பது, மஸ்கட்டில் தூங்கி எழும்புவது, மிச்சமெல்லாம் சலாலா என்று ஆனது. அதுதான் நடக்கக்கூடிய திட்டம் என்று நௌஷாதும் ஒத்துக்கொண்டார்.

எல்லையில் இளம் அதிகாரி ஒருவர் எதற்காகப் போகிறாய் என்று கேட்டார். “உக்தி” என்றேன், என் சகோதரி. கலியாணம் முடித்தவளா என்றார். ஓம் என்றேன். ஓமானிலா என்றார். எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறார் என நினைத்து, ஓம், ஓமானில்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. முத்திரையைக் குத்திவிட்டு, “அப்படியென்றால் நீ எங்கள் நஸீப்” என்றார். எங்களூரில் நஸீபு என்றால் அல்லாஹ் ஒருவருக்கு எழுதிவைத்த பங்கு. நெஞ்சு நிறைந்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து ஆசனத்துத் திருச்சிக்காரர்தான் சொன்னார்: “அது வேற நஸீப், பாய். மச்சான் முறைன்னு அர்த்தம். உங்க அக்கா இங்க ஒரு ஓமானியைக் கட்டியிருக்காங்கன்னு நினைச்சுட்டார்.” இறங்கிப்போய்த் திருத்தலாமா என்று யோசித்தேன். என்ன சொல்லித் திருத்துவது? அப்படியே இருந்துவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து பகல் முழுக்க ஓடிய பஸ், கடைசி மலைக்கு வந்ததும் புகாருக்குள் நுழைந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. சலாலாவில் வீதியோரக் கடைகளில் வாழைக்குலைகளும் இளநீரும் தொங்கின. ஒரு கணம் எங்களூருக்கு அருகே பாண்டிருப்புப் பக்கம் இறங்கிவிட்டேனோ என்றிருந்தது. ஜும்ஆ முடிந்து ராத்தா சொன்ன மலையடிவாரத்துக்குப் போனேன். தூறலில் நனைந்துகொண்டே நூற்றுக்கணக்கானோர் பாய் விரித்து இருந்தார்கள். கறுப்பு அபாயாக்களுக்குள் ராத்தாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

“வாப்பாட நடை அப்பிடியே இரிக்கி ஒனக்கு.”

கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. உள்ளங்கை முன்பைவிடத் தடித்திருந்தது. வீட்டுக்காரம்மா தேநீரும் பேரீச்சம்பழமும் தந்து, இவள் எங்கள் வீட்டு மகள் மாதிரி என்று அரபியில் சொன்னார். நல்ல மனுசி. ராத்தாவைப் பின்னேரம் முழுக்க என்னோடு விட்டார். ஆனால் வீட்டுக்காரம்மாவின் நாலு வயது மகள் ஷம்ஸா ராத்தாவின் அபாயாவை விடவில்லை. மூவருமாக நடந்தோம்.

வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “ராத்தா, டிசம்பர்ல எனக்கு லீவு. நீங்களும் கேளுங்க. ஒண்டா ஊருக்குப் போவம். மறுகா இங்க வரத் தேவயில்ல. ஊடும் கட்டியாச்சிதானே.”

“ஊட்ட மகளுக்குக் குடுத்துத்தானே நாம கலியாணம் முடிச்சி வெச்ச.”

“மகள்ற ஊட்டுல இருந்தா என்ன?”

“இரிக்கலாம். அவள் வேணாம் எண்டு சொல்ல மாட்டாள். வாங்க எண்டும் இன்னும் சொல்லல்ல.” ஷம்ஸாவின் முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துவிட்டார். “போன கிழம வீடியோவில பேரனக் காட்டினாள். உம்மம்மாவுக்கு சலாம் சொல்லு எண்டாள். அவன் என்னப் பாத்துப் பயந்து அழுதிட்டான், தம்பி.”

நான் அவர் கையைப் பிடித்து ஒரு சேற்றுக் குழியைக் கடத்திவிட்டேன்.

“நீ எப்ப ஊரோட போய் இரிக்கப் போற?” என்று கேட்டார்.

நான் மலையைப் பார்த்தேன். தூறல் கனத்தது. எங்களைச் சுற்றிலும் சனங்கள் கைகளை விரித்து மழையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே வீட்டுக்காரரின் வண்டி ஹோர்ன் அடித்தது. நாளைக் காலையில் அவர்கள் வேறோர் ஊருக்குப் புறப்படுகிறார்கள். திட்டத்தில் எனக்கு இன்னும் நாட்கள் மிச்சம் இருந்தன, அவருக்கு இல்லை.

அதுவரை அரபியில் மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்த ஷம்ஸா, ராத்தாவின் கையை இழுத்துச் சொன்னாள்:

“ராத்தா, நனயிது. ஊட்ட போவம்.”

வீட்டுக்குப் போவோம் என்பதற்கு எங்கள் தெருத் தமிழ். அதே இழுவை. நான் திகைத்து ராத்தாவைப் பார்த்தேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“நீ கோல் எடுத்து ராத்தா, ராத்தா எங்கிறதக் கேட்டு இவளும் அப்பிடித்தான் கூப்பிடுற. நான் தமிழ்ல கதைக்கிறதுக்கு வேற ஆரு இரிக்கா?”

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். தன் சால்வையால் அதன் தலையை மூடினார். “ஓம், போவம்” என்று அதற்குச் சொல்லிவிட்டு, என் தோளைத் தொட்டு சலாம் சொல்லி, வண்டியை நோக்கி இறங்கினார். ஊட்ட என்ற சொல் காதில் விழுந்ததில், என்னை அறியாமல் நானும் அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். வண்டியின் கதவு திறந்த பிறகுதான் நின்றேன்.