ஒரு அறை குறைந்த வீடு

ஜமுனாமரத்தூரில் நாங்கள் நடத்திய மளிகைக்கடை நொடித்துப்போனது. கடன்களையெல்லாம் ஒன்றாக்கி, மாதத் தவணையில் நானும் மனைவியும் ஐந்து வருடத்தில் கட்டி முடித்தோம். பிறகு, ஆலங்காயத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த மனையில் வீடு கட்டக் கடன் கேட்டு, மலையிறங்கித் திருப்பத்தூர் போனோம். இரண்டு வங்கிகள் கைவிரித்தன.

மூன்றாவது வங்கியில் மேலாளர் அம்மா கணினியைப் பார்த்துவிட்டு, "பழைய கடன்ல தடுமாறியிருக்கீங்களே?" என்றார்.

மனைவி முந்திக்கொண்டாள். "தடுமாறுனது நிஜந்தாங்க. ஆனா ஓடிப்போவலியே! அஞ்சு வருசமா ஒரு மாசங்கூடத் தவறல, பாருங்க."

அவர் மறுபடி பார்த்தார். சிரித்துவிட்டார்.

கடன் கிடைத்தது, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக.

"இன்னா பண்றது, ஒரு ரூம் கொறச்சி வூட்டக் கட்டிக்கலாம்" என்றேன், பெருந்தன்மையாக.

"ஆமாங்க, எழுதறதுக்குன்னு தனியா கேட்டீங்களே, அந்த ரூமுதான்" என்றாள்.

இதை அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.