சூட்டில் அளந்த சக்கரம்

நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த சிலேசியாவில், ரயிலின் சரக்கு வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சக்கரங்களைச் சோதிப்பது இர்மினாவின் வேலை. முன்பு ஆஸ்பத்திரியில் படுக்கை நோயாளிகளைக் கவனித்தவள். இரண்டிலும் வாய்திறந்து சொல்லாதவர்களோடுதான் பாடு என்பாள்.

பிரேக் கட்டை உரசி உரசிப் பழுக்கச் சூடான சக்கரம், ஆறிய பிறகு விளிம்பில் விறைப்பாக இழுபட்டு நிற்கும். கீறல் எதுவும் தெரியாது. மலைச்சரிவில் ஒருநாள் பிளந்துவிடும். விளிம்பில் தேன்போன்ற பசையைத் தடவி, கருவியை ஒட்டிவைத்து, காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பினால், அது போய்த் திரும்பும் நேரம் அந்த இழுப்பைக் காட்டிக்கொடுக்கும்.

அன்று காலை ஒரு நிலக்கரி வண்டியின் சக்கரங்களை அளந்தாள். எண்கள் நன்றாக இருந்தன. முத்திரை குத்திவிட்டாள். மதியம் சூப்பில் கரண்டியை விட்டபோதுதான் உறைத்தது. இந்தக் குளிரில் பசை இடத்தைவிட்டு அசையாது. கடைசி ஜோடியில் மட்டும் அது இளகி அவள் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. அப்படியானால் அந்தச் சக்கரங்கள் சூடாக இருந்திருக்கின்றன.

சூப்பை அப்படியே விட்டு வெளியே ஓடினாள். அந்த வண்டியை ரயிலோடு கோத்துக்கொண்டிருந்தான், பட்டறைக்கு வண்டிகளை இழுத்துவரும் அலோய்ஸி.

"நிறுத்துடா! காலைல இதக் கொண்டாந்தப்ப கைபிரேக்க முழுசா விட்டியா?"

"என்ன இர்மினாம்மா, சாப்பாட்டு நேரத்துல போலீஸ் வேலையா?"

"விட்டியா, இல்லியா?"

தொப்பிக்குள் விரலை விட்டுச் சொறிந்தான். "பனியில இறுகிக் கெடந்துச்சு. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டேதான் வந்துச்சு."

அவளுக்கு விளங்கிவிட்டது. சூடான விளிம்பு விரியப் பார்க்கும். குளிர்ந்த நடுப்பகுதி விடாது. அந்த நெருக்கலில் பழைய இழுப்பு மறைந்துபோகும். காய்ச்சல் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் காய்ச்சல் பார்த்த கதை.

"கழட்டு. ஆறினப்புறம் திரும்ப அளக்கணும்."

"ரயில் போயிடும். முத்திர குத்துனது நீங்கதானே? டிரைவர் என்னையில்ல திட்டுவாரு!"

"என் பேரச் சொல்லு. திட்டு வாங்கி யாரும் செத்ததில்ல."

ரயில் அந்த வண்டி இல்லாமலே போனது. சாயங்காலம் சக்கரம் சில்லிட்டுக் கிடந்தது. பசை அசையவில்லை. எண் எல்லையைத் தாண்டி ஏறி நின்றது. இர்மினா முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டாள்.

அலோய்ஸி குனிந்து அந்தக் குறியைப் பார்த்தான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"இதுக்கு முன்னாடி இப்படிச் சூட்டோட எத்தன அளந்திருப்பீங்க?"

"தெரியல," என்றாள். கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "நாளைலருந்து மொதல்ல கைய வச்சுப் பாப்பேன். நீயும் பிரேக்க விட்டுட்டு இழு."