ஒருதரம்தான் கேட்பார்கள்: ஏரிக்கரைக்கு மாணவர்களோடு போய்வந்த கதை

முதலில் எங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பயணம் பிறகு. மகனின் மூத்தவன் பொறியியல் படிக்க எடுபட்டிருக்கிறான். அடுத்தவன் பனிக்கட்டியில் தடியோடு ஓடும் விளையாட்டில் கோப்பை வாங்கினான். முன்பல் ஒன்று போய்விட்டது, ஆனாலும் கோப்பை வீட்டில் இருக்கிறது. மகளின் இளையவள் ஒன்பது வயதில் பிரெஞ்சுப் பாட்டுப் பாடிப் பரிசு எடுத்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, என்றாலும் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டேன். மகளின் மூத்தவள் வதனி கல்லூரியில் வியாபாரப் படிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இவ்வளவும் போதும் என்று நினைக்காதீர்கள். இன்னும் வேண்டும்.

இந்தப் பயணம் வதனியால் வந்தது. சென்ற வருடம், 1987 வைகாசி மாதம், அவளுடைய வகுப்பை இந்தக் கனடா நாட்டின் முதற்குடி மக்களிடம் கூட்டிக்கொண்டு போவதாக ரீச்சர் சொன்னார். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வியாபாரம் செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டுமாம். ஓர் இரவு தங்கவும் வேண்டும். மருமகன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "பெடியங்களோட இரவு தங்கிற பயணமோ? அம்மம்மா கூடப் போனால் போகட்டும்" என்றார். ரீச்சரைக் கேட்டோம். வான் வண்டியில் இடம் இருக்கிறது, வரட்டும் என்றார். அப்படித்தான் நான் காவலுக்குப் போனேன்.

அந்த நேரம் வதனிக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. கோடை விடுமுறையில் எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஒரு சிறு வியாபாரத்தில் வேலை பழகவேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அந்த வருடம் வீண். நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் ஏறி இறங்காத கடையில்லை. எல்லோரும் "கோல் பண்ணுறம்" என்றார்கள். தொலைபேசி ஒருநாளும் அடிக்கவில்லை. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. பிள்ளை சாப்பாட்டைக் கோப்பையில் வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டோம். பதினொரு மாணவர்கள், வான் ஓட்டிய ரீச்சர், நான். 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், 115இல் வடக்கே திரும்பி, பீற்றர்பரோ தாண்டி ஏரிகள் இருக்கும் பக்கம் போகவேண்டும். எல்லாமாக நூற்றைம்பது கிலோமீற்றர் வரும். வழியில் கோப்பிக்கு நிற்பாட்டியதையும் சேர்த்து இரண்டரை மணித்தியாலம். பெற்றோல், படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆளுக்கு முப்பத்தைந்து டொலர்.

மத்தியானத்துக்கு என்று நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். மரியாதைக்கு எல்லோரிடமும் நீட்டினேன். நம்மவர்களாக இருந்தால் முதலில் வேண்டாம் என்பார்கள், நாங்கள் வற்புறுத்துவோம், பிறகு ஒன்று எடுப்பார்கள். இந்தப் பிள்ளைகள் முதல்தரமே எடுத்தார்கள். கெவின் என்று ஒரு நெட்டைப் பெடியன், "கிரானி, ஒன் மோர்?" என்று பின் சீற்றிலிருந்து கையை நீட்டியபடியே வந்தான். பீற்றர்பரோ வர முன்னம் பெட்டி காலி.

"அம்மம்மா, உங்களுக்கு ஒண்டும் வைக்கேல்லையே?" என்றாள் வதனி.

"எனக்கென்ன, போற இடத்தில தருவினம்தானே."

ஏரிக்கரையில் எங்களை வரவேற்றவர் மேரியன் என்ற முதற்குடிப் பெண். ஐம்பது வயது இருக்கும். உயரம் குறைவு, குரல் பெரிது. கரையில் ஆறு மரவீடுகள் கட்டி, மீன் பிடிக்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். படகுகளும் உண்டு. முன்னால் ஒரு சின்னக் கடை. அதில் முள்ளம்பன்றி முள்ளால் பூவேலை செய்த மரப்பட்டைப் பெட்டிகள், தண்ணீரில் விளையும் நீளமான கறுப்பு அரிசி, மேப்பிள் மரத்துச் சீனிப்பாணி எல்லாம் இருந்தன. முதற்குடிகளுக்கென்று ஒதுக்கிய காணி என்பதால் இதை வங்கியில் ஈடுவைக்கச் சட்டம் விடாதாம். அதனால் கடன் எடுக்க வழியில்லை. ஒரு வீட்டின் வாடகை வருமானத்தில் அடுத்த வீடு என்று ஆறு வருடத்தில் ஆறு வீடு.

இலையுதிர் காலத்தில் ஓடத்தில் போய், கதிரை வளைத்துத் தடியால் தட்டி அந்த அரிசியை எடுப்பார்களாம். முதலில் தண்ணீருக்குக் கொஞ்சம் புகையிலை வைத்து நன்றி சொல்லுவார்களாம். முழுவதையும் தட்டி எடுப்பதில்லை. கெவின் விடவில்லை. முழுவதையும் எடுத்தால் கூடுதலாக விற்கலாமே என்று கேட்டான்.

மேரியன் அவனை மேலும் கீழும் பார்த்துச் சொன்னதை வதனி எனக்குத் தமிழில் சொன்னாள்: "வாற வருசம் நீ வந்து விதைப்பியோ?" எல்லோரும் சிரித்தோம். அவன் காது சிவந்துபோனது.

மத்தியானம் பொரித்த மீன், தடித்த ரொட்டி, அந்தக் கறுப்பு அரிசியில் செய்த சூப். மீன் வைத்த முதல் கோப்பையை மேரியன் என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் முறைப்படி கையை ஆட்டி, "நோ, நோ" என்றேன். மேரியன் தலையாட்டிவிட்டுக் கோப்பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். சரி, திரும்பி வருவார் என்று மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். சூப் வந்தது, என்னைத் தாண்டிப் போனது. ரொட்டியும் போனது. பிறகு சட்டியே உள்ளே போனது. வதனி தூரத்து மேசையில் சிநேகிதிகளோடு இருந்ததால் ஒன்றையும் காணவில்லை.

பின்னேரம் படகுத்துறையில் மேரியன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வயிறு போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மம்மா! நீங்கள் சாப்பிடேல்லையோ?"

"அவ கேட்டவ. நான் வேண்டாமெண்டனான்."

"ஏன்?"

"திருப்பிக் கேப்பா எண்டுதான்."

வதனி அதை மேரியனுக்குச் சொன்னாள். எங்கள் ஊரில் மூன்றுதரம் கேட்கவேண்டும், மூன்றாம்தரம்தான் ஓம் என்போம் என்று விளக்கினாள். மேரியன் படகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து நேரே குசினிக்குக் கூட்டிப்போய், மீனைச் சூடாக்கிக்கொண்டே பேசினார்.

"இங்க ஒருதரம்தான் கேப்பினமாம், அம்மம்மா" என்றாள் வதனி. "வளந்த ஆள் வேண்டாமெண்டால் அதை நம்பவேணுமாம். திருப்பித் திருப்பிக் கேட்டால், உன்ரை சொல்லை நான் நம்பேல்லை எண்டமாதிரியாம்."

மேரியன் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டுமா, வேண்டுமா என்று மூன்றுதரம் கேட்கப் பார்த்தார். நான் முதல்தரத்திலேயே பறித்துவிட்டேன். அப்படி ஒரு ருசியான மீனை நான் கனடாவில் அதுவரை சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புறப்படவேண்டும். பைகளை வானில் ஏற்றும்போது மேரியன் வதனியிடம் வந்தார். ஆடி, ஆவணியில் தொலைபேசி எடுக்கவும் கணக்குப் பார்க்கவும் ஆள் இல்லை, ரீச்சர் உன் கதையைச் சொன்னார், எட்டுக் கிழமை வருகிறாயா, சம்பளமும் தருகிறேன் என்று கேட்டார்.

வதனியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் வளர்த்த பிள்ளையல்லவா? "இட்ஸ் ஓகே, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்ற மாதிரி இங்கிலீசில் ஏதோ முணுமுணுத்தாள்.

மேரியன் தலையாட்டினார். மீன் கோப்பையோடு என்னைத் தாண்டிப் போனபோது ஆட்டிய அதே தலையாட்டல். திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

காவலுக்கு வந்தவள் என்பதை மறந்து, "மேரியன்! யெஸ்! யெஸ்! ஷீ கம்!" என்று கத்திவிட்டேன். வானுக்குள் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மம்மா! அப்பா என்ன சொல்லுவார்?"

"அப்பாவை நான் பாக்கிறன். இவ இன்னொருக்கால் கேக்கமாட்டா, பிள்ளை!"

அதற்காகக் காவலை விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். "வேர் ஷீ ஸ்லீப்?" என்று கேட்டேன். மேரியன் தன் வீட்டு மேல்மாடி அறையைக் காட்டினார். தன் அறைக்குப் பக்கத்து அறை. கதவை மூடி, கொண்டியைப் போட்டு, இழுத்துப் பார்த்தேன். நல்ல இரும்புக் கொண்டி. வான் பதினைந்து நிமிடம் பிந்திப் புறப்பட்டது என்னால்தான்.

வீட்டில் மருமகன், "மாமி, உங்களைக் காவலுக்கெல்லோ அனுப்பினனான்!" என்றார்.

"காவல் காத்துத்தான் வந்திருக்கிறன். கொண்டியும் இழுத்துப் பாத்தனான்."

"யோசிப்பம் மாமி. பிறகு கதைப்பம்."

"தம்பி, பிள்ளையை விடுறியளோ, இல்லையோ? நான் ஒருதரம்தான் கேப்பன்."

குசினியில் மகளின் அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது. மருமகன் அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், வதனியைப் பார்த்தார்.

"சரி, போகட்டும்" என்றார்.

ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை அவரே காரில் கொண்டுபோய் விட்டார். மேரியன் மீன் நீட்டினாராம். மருமகன் முதல்தரமே வாங்கிச் சாப்பிட்டாராம். நான் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விசயம். வைகாசியில் கறுப்பு இலையான் என்ற சின்ன ஈ கடிக்கும், நீளக் கைச் சட்டை கொண்டுபோங்கள். ஏரிக்கரையில் இரவு குளிர், சொக்ஸ் வேண்டும். கடையில் பேரம் பேசவேண்டாம். அந்த முள்வேலைப் பெட்டி ஒன்று செய்ய ஒரு பனிக்காலமே போகிறது. படம் எடுக்க முதல் கேளுங்கள். முக்கியமாக, சாப்பாட்டை நீட்டினால் வாங்குங்கள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை நல்லதைத் தாண்டிப் போகவிட்டோமோ என்று அந்த வானில் திரும்பி வரும்போது யோசித்தேன். வற்புறுத்துவதும் அன்புதான், நான் அதை விடப்போவதில்லை. ஆனால் ஒருதரத்தில் ஓம் சொல்லவும் பழகியிருக்கிறேன்.

வதனி அந்தப் பாடத்தில் வகுப்பில் முதலாவது. இந்த வருடமும் மேரியனிடம்தான் போயிருக்கிறாள், இந்தமுறை படிப்புக்காக அல்ல, சம்பளத்துக்கு. ஏழாவது வீடு கட்டுகிறார்களாம். என்னிடம் இருப்பது சென்ற வருடப் படம். அதில் ஆறு வீடுதான் இருக்கிறது, பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

வதனி, இதை வாசித்தால் ஏழாவது வீட்டுக்கு முன்னால், மேரியனோடு, கண்ணைத் திறந்துகொண்டு நின்று புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. ஒருதரம்தான் கேட்கிறேன்.