ரயில்வேக்காரரின் சைக்கிள் மணி

எண்பதுகளில் தாம்பரத்தில் எங்கள் கல்லூரி ஃபுட்பால் டீம் ஆடும்போதெல்லாம், கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருப்பார் அந்த ரயில்வேக்காரர். காக்கிச் சட்டை, வெற்றிலைச் சிவப்பு வாய். நல்ல ஆட்டத்துக்குக் கைதட்ட மாட்டார். சைக்கிள் மணியை அடிப்பார். நான் டீமில் சேர்ந்த நாளிலிருந்து அது எனக்காகத்தான் அடித்தது.

பிறகு வேறு கல்லூரியிலிருந்து ஒரு ஃபார்வர்டு வந்து சேர்ந்தான். உயரத்தில் வந்த பந்தை அவன் காலில் வாங்கி நிறுத்தியதற்கே மணி விடாமல் அடித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

இடைவேளையில் அவரிடமே போய்க் கேட்டேன். "என்னண்ணா, அவன் இன்னும் ஒரு கோல்கூட போடலியே?"

"போடாட்டி இன்னா? பந்து அவன் கால்ல வந்து குந்திக்கினு கீது பாரு."

"அப்போ எனக்கு அடிச்சதெல்லாம்?"

"நீ நம்ம ஊரு புள்ளையாச்சேப்பா."

இரண்டாம் பாதியில் நான் கோல் போட்டேன். மணி அடித்தது. அது கோலுக்கா, ஊருக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.