வீரம்மாவின் பிள்ளைக் காம்பரா

வீரம்மா வீட்டு முன்னறையைத் தோட்டத்தில் எல்லோரும் பிள்ளைக் காம்பரா என்பார்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் கூடவே கொண்டுவந்த சொல். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். நெல்லியாளம் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நிர்வாகத்தின் காப்பகம் மூடப்பட்ட பிறகு இதுதான் ஏற்பாடு.

கூரைத் தகரம் துருப்பிடித்திருந்தது. பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். இன்னொரு மழை தாங்காது. கூடலூரில் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்று வருடத்துக்கு ஓரிடத்துக்கு உதவுகிறது என்று கேள்விப்பட்டு, வீரம்மா விண்ணப்பித்தார். நேரில் பார்க்க ஓய்வுபெற்ற ஆசிரியை லோயிஸ் வருவதாகத் தகவல் வந்தது.

அவர் வரும் நாளில் விடியும்போதே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கூடிவிட்டது. மேலாளரான துரை பார்வையிட வந்தால் சுண்ணாம்பு அடிப்பதும் உடைந்ததை மறைப்பதும் தோட்டத்துப் பழக்கம்; யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு சுகுணா தன் புதுப் பாயைக் கொண்டுவந்தாள். விரிசல்மேல் திருவிழா பேனர் ஏறியது. கூரை தெரியாதபடி பட்டுச்சேலைகளை விதானமாகக் கட்டினார்கள்.

“ஏக்கா, கல்யாணம் ஒனக்கா, காம்பராவுக்கா?” என்றாள் சுகுணா.

“வாய மூடிட்டு இழுத்துக் கட்டுடி. வர்றவங்க மொகஞ்சுளிக்கக் கூடாது.”

லோயிஸ் வந்தபோது குழந்தைகள் தலைசீவி, பவுடர் பூசி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா. கொறை ஏதாச்சும் இருக்குதுங்களா?”

வீரம்மா கைகட்டி நின்றார். “ஒரு கொறையும் இல்லீங்க டீச்சரம்மா.”

“கூரை மோசம்னு எழுதியிருந்தீங்களே?”

“அது… சமாளிச்சுக்கலாமுங்க.”

துரை கேட்டால் சொல்கிற பதில். வாயில் அதுதான் வந்தது.

அந்த வருட உதவி, ஒழுகும் கூரையோடு நின்ற வேறொரு ஊர் நூலகத்துக்குப் போனது. சேதி தெரிந்ததும் வீரம்மா லோயிஸுக்குப் போன் செய்து, விரிசலையும் கூரையையும் மறைத்ததைச் சொன்னார்.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? எல்லாம் குடுத்து முடிச்சாச்சுங்களே.”

ஜூலை மழையில் பின்சுவர் விழுந்தது, கூரையும் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் குழந்தைகள் தப்பின. அதன்பின் வீரம்மாவும் கொழுந்து பறிக்கப் போகிறார்.

காம்பராவில் பிள்ளையை விட்டுவந்த சரிதா, இப்போது தன் மூன்று வயது மகள் கீர்த்தனாவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வருகிறாள். லயத்துக்குள் கரடி நடமாடுகிறது; கதவைத் திறந்து போட முடியாது. மதியம் கொழுந்து எடை போட்டதும் வீரம்மா சாப்பிடாமல் அந்த வீட்டுக்கு ஓடுகிறார். ஜன்னல் கம்பிக்குள் கையை விடுகிறார்.

“ஆயா, கதவத் தொற.”

“சாவி அம்மாகிட்டல்ல இருக்கு, தங்கம்.”

“காம்பராவுக்குப் போலாம்.”

கீழே மேஸ்திரி வேலைக்குத் திரும்பச் சொல்லி விசில் ஊதுகிறார். பிடித்த பிடியை விடாத குழந்தையிடமிருந்து ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டு இறங்குகிறார். அழுகை தேயிலைச் சரிவு வரைக்கும் கேட்கிறது.