வரலட்சுமியின் மூன்று பெட்டுகள்

குதிரையின் விலாவில் ஒரு காதை ஒட்டி, மறுகாதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு நிற்கிறார் வரலட்சுமி. காலை ஆறு மணி. கண்கள் மூடியிருக்கின்றன. அந்த நேரத்தில் யார் பேசினாலும் முழங்கையை ஆட்டி அடக்கிவிடுவார். இடப்பக்கம் முடிந்ததும் குதிரையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போவார். பிறகு அடிவயிறு. அதற்குத் தரையில் மண்டியிட வேண்டும்.

"ம்... ஓடிகினு கீது" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வார். குடல் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

எர்ணாவூரில், கடலுக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்கும் நடுவே உள்ள மணல் மனை அது. தகரக் கூரை போட்ட லாயம், குதிரை கழுவிய தண்ணீரில் வளரும் ஒரு பாத்தி தீவனப்புல், ஒரு வேப்பமரம். எல்லாம் மொஹ்சினுடையவை. கல்யாண ஊர்வலங்களுக்கு மூன்று குதிரைகளை அனுப்புகிறார். ஜிகினாத் துணி போர்த்தி நடக்கும்போது அவற்றின் பெயர் சுல்தான், ராணி, பாதுஷா. வரலட்சுமி ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அவை ஒண்ணாம் பெட்டு, ரெண்டாம் பெட்டு, மூணாம் பெட்டு.

பதினாறு வருடம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்து, படுத்திருப்பவர்களைக் கட்டில் எண் சொல்லியே கூப்பிட்டுப் பழகியவர். கான்ட்ராக்ட் வேறு கைக்குப் போனபோது, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வருடம் வியாசர்பாடியிலிருந்து எர்ணாவூர்க் குடியிருப்புக்கு வீடு மாறியது. லாயத்தைப் பெருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தார். முதல் வாரம், குதிரை தும்மினால் கேட் வரைக்கும் ஓடினாராம்.

"எம்மாம் பெரிய மூஞ்சி சார் அது! பல்லு வேற. நான் இன்னாத்த கண்டேன்?"

இப்போது அந்த வாய்க்குள்ளேயே கட்டைவிரலை விட்டு ஈறை அழுத்துகிறார். வெளுத்த இடம், இரண்டு எண்ணுவதற்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் உள்ளே ஏதோ கோளாறு. மாலையில் ஒவ்வொரு காலாகத் தூக்கி, கொக்கியால் குளம்பைச் சுரண்டிக் கல், ஆணி, கன்டெய்னர் யார்டிலிருந்து பறந்து வந்த இரும்புச் சீவல் எல்லாவற்றையும் எடுப்பார். எடுத்த பின் குளம்பை முகர்ந்து பார்ப்பார். என்னையும் ஒருமுறை முகரச் சொன்னார். நனைந்த மரக்கட்டை வாசம். "இந்த வாசன மாறிச்சின்னா கொளம்பு அழுவிப் போவ ஆரம்பிச்சிட்டுதுன்னு அர்த்தம்" என்றார்.

கொஞ்சுவது கிடையாது. தட்டிக் கொடுப்பதுகூட இல்லை. குதிரையிடம் பேசுவதெல்லாம் வார்டுப் பேச்சு: "தள்ளு... இந்தாண்ட தள்ளு... ஆட்டாத, அவ்ளோதான்." ஏன் இப்படி மணிக்கணக்காக அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வார்டுல கத்தறாளே, அவளப் பத்தி பயமே இல்ல சார். ஒருத்தி சத்தம் போடாம செவுத்தப் பாத்துகினு படுத்துனு இருப்பா. அவளத்தான் ஓடிப் போய்ப் பாக்கணும். இதுங்க எல்லாமே செவுத்தப் பாக்கற கேசுங்கதான்."

என் வீடு லாயத்தை ஒட்டிய தெருவில். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் லாயம் முழுவதும் தெரியும். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போட ஏறியவன், ரெண்டாம் பெட்டு முன்காலால் மணலைப் பறிப்பதைக் கண்டேன். அது பழுப்பு நிறப் பெண்குதிரை. கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது.

நான் இறங்கிப் போவதற்குள் வரலட்சுமி அதைக் கிளப்பிக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். அதன் கழுத்தெல்லாம் வியர்வை. "பொரள வுடக்கூடாது சார். பொரண்டா கொடலு முறுக்கிக்கும்" என்றார். என்னிடம் பேசினாலும் கண்கள் குதிரையை விட்டு நகரவில்லை. மொஹ்சின் போனில் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, வேப்பமரத்தடிக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

டாக்டர் சில்வியா மாதவரத்திலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. வலி குறைய ஊசி போட்டார். பிறகு அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். தரையில் குதிரை போட்டிருந்த லத்தியில் ஒரு கை அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்து, அலசி அலசி ஊற்றினார். வாளியின் அடியில் ஒரு பிடி சாம்பல் நிற மணல் தங்கியது.

"வயித்துல மண்ணு சேர்ந்திருக்கு. தீவனத்தோட கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. ஒரு நாள்ல சேர்ந்தது இல்ல" என்றவர், ஸ்டெதாஸ்கோப்பை வரலட்சுமியின் காதில் மாட்டினார். "கேளுங்க. கடற்கரையில அலை வந்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் இருக்கும். அது மண்ணு உரசுற சத்தம்."

வரலட்சுமி கேட்டார். தலையைத் திருப்பிக் கடல் இருக்கும் பக்கம் பார்த்தார்.

மொஹ்சினுக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்தப் புல்லுக்கட்டுக்காரன் வேலதான் இது! மண்ணோட வாரிக் கட்டி அனுப்பறான். இன்னியோட அவனக் கத்திரிச்சி வுடறேன்" என்று போனை எடுத்தார்.

"பாய், போன வை" என்றார் வரலட்சுமி.

மொஹ்சின் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் இல்ல. நாந்தான். தீனித் தொட்டி ஒடஞ்சி ரெண்டு மாசமாச்சி. கீழ போட்டா குனிஞ்சி சோக்கா துன்னுதேன்னு தரையிலயே போட்டுகினு இருந்தேன். உன்னாண்ட சொல்லல." ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி டாக்டரிடம் நீட்டினார். "இந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சி மேடம். பதினஞ்சி நாளா கேட்டுச்சி. வெளிய கீற கடலுன்னு நெனச்சிகினேன்."

மதிலுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை நாளையிலிருந்து வராதே என்று சொல்லக் கேட்டவர் அவர். மொஹ்சின் அதைச் சொல்லப்போகிறார் என்றே நானும் நினைத்தேன். மொஹ்சின் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"மொதல்ல இது பொழைக்கட்டும்க்கா" என்றார்.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார். குடலிலுள்ள மண்ணை வழித்துத் தள்ள இசப்கோல் உமி கரைத்த தண்ணீர்; அது கெட்டியாவதற்குள் உள்ளே போக வேண்டும். மொஹ்சின் வாளி வாளியாகக் கலக்க, வரலட்சுமி குதிரையின் தலையைத் தன் தோளோடு அணைத்து அசையாமல் பிடித்திருந்தார். குழாயை எடுத்தபோது அவர் புடவை முழுவதும் அந்தக் கூழ் வழவழவென்று வழிந்தது.

"இனிமே லத்தி போடணும். அதுவரைக்கும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

பத்து நிமிடம் நடை, பத்து நிமிடம் நிழல். வெயில் ஏறியது. மொஹ்சின் கொண்டுவந்து வைத்த பிரியாணிப் பொட்டலத்தை வரலட்சுமி பிரிக்கவில்லை. மதியத்துக்கு மேல் குதிரை காதுகளைத் தொங்கப்போட்டு, தகரச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. அந்த ஒரு மணி நேரம் வரலட்சுமி அதன் ஈறை அழுத்தி அழுத்தி எண்ணினார். "மூணு... மூணு..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த எண்ணைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.

நாலரை மணிக்குக் குதிரை வாலைத் தூக்கியது. வரலட்சுமி வாளியோடு ஓடினார். கரைத்தார், ஊற்றினார், வாளியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். உள்ளே இரண்டு பிடி மணல்.

"பாய்! ரெண்டாம் பெட்டு டெலிவரி ஆயிடுச்சி!"

மொஹ்சின் சிரித்தபடியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் முகத்தைத் திருப்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வேலையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் வரலட்சுமி ஆறு மணிக்கு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாராம். உள்ளே மொஹ்சின் ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்துச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "இன்னாக்கா அங்கயே நின்னுட்ட? ஒயரம் சரியா கீதா, வந்து பாரு" என்றிருக்கிறார்.

மறுகாதைப் பொத்திக்கொள்ளும் வழக்கம் அந்த வாரம்தான் தொடங்கியது. வாரம் ஒருமுறை மூன்று பெட்டுகளின் லத்தியும் வாளியில் கரைபடுகிறது. டிரம்முக்குக் கீழே பழைய கன்வேயர் பெல்ட்டை விரித்துப் போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டாம் பெட்டு டிரம்மிலிருந்து வாய்நிறையப் புல்லை இழுத்தது. ஒரு கொத்து நழுவி பெல்ட்டின் மேல் விழுந்தது. வரலட்சுமி குனிந்து அதை எடுத்தார். உதறினார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. நாலு தாளைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, பல்லில் ஏதாவது நெருடுகிறதா என்று மெதுவாக மென்று பார்த்தார்.